அறிவிப்பில் இருந்த பெயர்கள்

கூலிம்,
8.4.2025

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீயும் நலம் என்பதை இந்த முறை உறுதியாகத் தெரிந்துகொண்ட பிறகே எழுத உட்கார்ந்தேன்.

போனில் பேசலாமே என்று நீ நினைக்கலாம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் உனக்கும் எனக்கும் குரல் ஏறிவிடுகிறது. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுப் படம் எடுப்பவர்களோடு கோலாலம்பூருக்குப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து இரண்டு வருடமாக அதுதான் நடக்கிறது. கடிதத்தில் குரல் ஏறாது. நான் காவலாளி. எதையும் வந்த நேரத்தோடு வரிசையாக எழுதித்தான் பழக்கம். அப்படியே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோலா கெடாவிலிருந்து உன் அத்தை வந்தாள். மீன் கடையைப் பாதியில் மூடிவிட்டு, வாடகைக் கார் பிடித்து வந்து, நம் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். உன் அம்மா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்து, "யாரு போயிட்டா அண்ணி?" என்று கேட்டிருக்கிறாள். அத்தை கையிலிருந்த போனைக் காட்டினாள்.

அதில் உன் படம் இருந்தது. பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு, மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே, மனோகரன் இராசாத்தி தம்பதியரின் அன்பு மகளும் சசிதரனின் அன்புத் தங்கையுமான யோகேஸ்வரி, வயது 24, காலமானார், இறுதிச் சடங்கு ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு இல்லத்தில் நடைபெறும் என்று எழுதியிருந்தது. எந்த இல்லம் என்று போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. நம்மைத் தெரிந்தவர்களுக்கு வீடும் தெரியும்.

அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சசி உன்னைப் போனில் கூப்பிட்டு, "என்னண்ணே, ஷூட்டிங்ல இருக்கேன்லா" என்று நீ சொன்னதை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டிய பிறகுதான் தண்ணீர் குடித்தாள். பிறகு கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. இப்போது இறங்கிவிட்டது. நான் அப்போது வேலையில் இருந்தேன். தகவல் தவறு என்று சசி சீக்கிரமே சொல்லிவிட்டான்.

சொன்னது எங்களுக்குத்தானே. ஊருக்கு யார் சொல்வது? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இரண்டு மணிக்குள் நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு வேன் வந்தது. நம் கோயில் குழுவினர் கூடாரம் போடக் கம்பிகளை இறக்கிவிட்டார்கள். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? அம்மா தேநீர் போட்டாள். சாவு வீட்டில் குடிக்கலாமா என்று தயங்கியவர்கள், சாவு இல்லை என்று தெரிந்ததும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்கள்.

மதியம் நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்றை மட்டும் கவனித்தேன். நீ சினிமாவுக்குப் போனதைப் பற்றி என்னிடம் முகம் கோணியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தங்கமான பிள்ளை, என்ன திறமை என்றார்கள். உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்ததும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

உன் மாமா குழந்தைவேலுதான் சமாதானமாகவில்லை. தாய்மாமன் அல்லவா, கோடி போடுவது அவர் முறை. கடை திறக்கும் முன்பே போய்க் கதவைத் தட்டி, உனக்குக் கோடிச் சேலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். பச்சைச் சேலை, மஞ்சள் கரை. சாவுக்கென்று எடுத்ததைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியாது, வீட்டில் யாரும் கட்டவும் மாட்டார்கள். எங்கள் அலமாரிக்கு மேல் கிடக்கிறது. அம்மா அந்த அறைக்குள் போகும்போது அதைப் பார்க்காமல் போகிறாள்.

அறிவிப்பு படத்துக்காகச் செய்தது என்று தெரிந்ததும், உங்கள் படக் கம்பெனிமேல் போலீஸில் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்று மாமா முடிவு செய்துவிட்டார். உயிரோடு இருக்கும் பிள்ளைக்குச் சாவு அறிவிப்பு போட்டவனைச் சும்மா விடுவதா என்கிறார். பெற்றவன் நான் என்பதால் கையெழுத்து நான் போட வேண்டும். அறிவிப்பைச் செய்தது யார் என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். அதாவது பதினெட்டாம் தேதி. அன்று போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் உன் பதில் வந்தால் நல்லது.

படப்பிடிப்பு பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் நடந்தது என்று சசி சொன்னான். இங்கிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். அங்கே நான்கு நாள் இருந்திருக்கிறாய். இதை ஒரு தகவலாக மட்டும் எழுதுகிறேன்.

சசிக்கும் ஷீலாவுக்கும் மே நான்காம் தேதி கல்யாணம். அட்டை வந்துவிட்டது. உனக்குப் படம் அனுப்பியிருப்பான். நீ முன்பு வேலை செய்த தொழிற்சாலையில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள். இதுவும் தகவல்தான்.

வேளைக்குச் சாப்பிடு. அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அப்பா,
மனோகரன்


செந்தூல், கோலாலம்பூர்,
13.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

யோகேஸ்வரி வணக்கத்தோடு எழுதுவது. கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். நான்கு தடவை படித்தேன். அம்மாவுக்குக் கிளினிக் வரைக்கும் போக வேண்டி வந்ததை அண்ணன் என்னிடம் சொல்லவில்லை.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த அறிவிப்பைச் செய்தது நான்தான்.

எங்கள் குழுவில் இருபத்திரண்டு பேர். அதில் சரளமாகத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள். பேசுவார்கள், எழுத்து தெரியாது. இயக்குநர் தேவன் அண்ணனுக்கே வசனத்தை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுக்க வேண்டும். அதனால் படத்தில் தமிழில் எது வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வரும். கடைப் பலகை, கோயில் அழைப்பு, சுவரில் ஒட்டும் காகிதம் எல்லாம் நான் எழுதியது. தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று மாமா அன்றைக்குக் கேட்டாரே, இதுதான் பிரயோஜனம்.

என் வேலை என்ன என்று நீங்கள் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. முதல் ஆறு மாதம் நடிகர்களின் துணிகளுக்கு இஸ்திரி போட்டேன். பிறகு கண்டினியூட்டி கொடுத்தார்கள். ஒரு காட்சியைக் காலையில் பாதியும் மூன்று நாள் கழித்து மீதியும் எடுப்பார்கள். முதல் பாதியில் வளையல் எந்தக் கையில் இருந்தது, கோப்பையில் தேநீர் எந்த அளவுக்கு இருந்தது என்று பார்த்து எழுதி வைப்பவள் நான். வந்த லோரியையும் போன லோரியையும் நீங்கள் காவல் நோட்டில் எழுதுகிற மாதிரிதான். நடுவில் ஆள் தேவைப்பட்டால் நடிப்பேன். இரண்டு முறை மருத்துவமனைத் தாதியாக வந்து தட்டை வைத்துவிட்டுப் போனேன். ஒரு முறை பேருந்துக்குக் காத்திருந்தேன். இந்த டெலிமூவியில் பிணம்.

அந்தக் காட்சியில், செய்தி ஊருக்குள் பரவுவதைக் காட்ட, முப்பது பேர் ஒரே நேரத்தில் போனை எடுத்துப் பார்க்க வேண்டும். திரையில் அறிவிப்பு தெரிய வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்களைத்தான் கூட்டத்துக்கு எடுத்திருந்தோம். அவர்கள் எல்லாருக்கும் அதை அனுப்பி வைத்தேன். எடுத்து முடித்ததும் அழித்துவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருவர் மறந்துவிட்டார். அவர் மனைவி அதைப் பார்த்து, உண்மை என்று நினைத்து, கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

பெயர்களைத்தான் கேட்பீர்கள். கதையில் அந்தப் பெண்ணுக்கு வேறு பெயர். அப்பா அம்மாவுக்கும் வேறு பெயர்கள். அதைத்தான் அடித்திருக்க வேண்டும். அன்று காலைதான் அண்ணன் கல்யாண அட்டையின் படத்தை அனுப்பியிருந்தார். பெரியவர்கள், சிறியவர்கள், அத்தை, மாமா, மாமாவின் பேரப்பிள்ளைகள் வரை பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. இரண்டாவது படத்தில் இருக்குமோ என்று தள்ளிக்கூடப் பார்த்தேன். பிறகு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அறிவிப்பை அடித்தேன். கை தானாக நம் பெயர்களை அடித்தது. நீங்கள், அம்மா, அண்ணன், கடைசியில் நான். யாராலும் வாசிக்க முடியாது, திரையில் இரண்டு விநாடிதான் வரும் என்று அப்படியே விட்டுவிட்டேன். நம் நான்கு பேரும் ஒரே அட்டையில் இருப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அப்பா, எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

ரிப்போர்ட் கொடுப்பது என்றால் கம்பெனிமேல் கொடுக்காதீர்கள். என் பெயரைப் போட்டு எழுதுங்கள். ஆனால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போலீஸ் வந்தால் தொலைக்காட்சிக்காரர்கள் இந்தப் படத்தை வாங்க மாட்டார்கள் என்று தேவன் அண்ணன் சொன்னார். அடுத்த படமும் நின்றுவிடும். அடுத்த படத்தில் எனக்குப் பதினொரு வசனம் இருக்கிறது. தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணாக வருகிறேன். அந்த வெள்ளை உடுப்பை எப்படிப் போட வேண்டும், தலைமுடியை எப்படிச் சொருக வேண்டும் என்று எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு வருடத்தில் எனக்கு வந்த முதல் வசனம் அது. இதைக் கெஞ்சலாக எழுதவில்லை, தகவலாக எழுதுகிறேன்.

பிணமாக நடித்தது சிரமமாக இல்லை. மூன்று மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு பாயில் கிடந்தேன். கூட்டத்தில் ஒரு பெண் நிஜமாகவே அழுதார். நடுவில் என் கையில் இருந்த வளையலை யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள். காலையில் இடது கையில் இருந்தது என்று படுத்தபடியே சொன்னேன். "பொணம் பேசக் கூடாதுலா யோகா" என்றார் தேவன் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவராக நடித்தவர், எடுத்து முடித்ததும் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு முறை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். அப்போதுதான் தோஷம் நிற்காது என்பார்கள். எனக்கு மட்டும் அது நடக்கவில்லை. எழுந்த உடனே அடுத்த காட்சிக்கு வளையல் தேட ஓடிவிட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

மாமாவின் கோடிச் சேலையைத் தபாலில் அனுப்பி வையுங்கள். எங்கள் உடை அறையில் இறந்தவர்களுக்கென்று ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. வீணாகாது.

இருபது நிமிடத் தூரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மூன்றாம் நாள் சாப்பாடு வாங்க வேனில் கூலிமுக்கு வந்தோம். நீங்கள் காவல் இருக்கும் கேட்டைத் தாண்டித்தான் போனோம். நீங்கள் ஒரு லோரிக்கு வழிவிடத் தடுப்புக் கட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தீர்கள். தலையில் புதுத் தொப்பி. வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் என்ன சொல்வீர்களோ என்று பயமாக இருந்தது.

அம்மா மாத்திரையை விடாமல் போடட்டும். உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் மகள்,
யோகேஸ்வரி


கூலிம்,
20.4.2025

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு,

அப்பா எழுதுவது. கடிதம் பதினேழாம் தேதி மாலை கிடைத்தது. தொப்பி புதிது அல்ல. துவைத்தது.

அறிவிப்பைச் செய்தது நீதான் என்று எனக்கு முதலிலேயே தெரியும். உன் அண்ணனை வெறும் சசிதரன் என்றும் உன்னை அன்பு மகள், அன்புத் தங்கை என்றும் எழுத நம் குடும்பத்தில் உன்னைத் தவிர யாருக்குத் தோன்றும்? அதனால்தான் மாமாவிடம் தெரியாது என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை மாமாவும் நானும் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். மாமா அறிவிப்பை வண்ணத்தில் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். மேசையில் இருந்த சார்ஜன் மலாய்க்காரர், வயதானவர். படத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார். மகள் இறக்கவில்லை, படத்துக்காகச் செய்தது என்று நான் விளக்கினேன். யார் செய்தது என்று கேட்டார். மாமா வாயைத் திறப்பதற்குள், என் மகள்தான் செய்தாள், அவள் வேலையே அது என்றேன். என்ன வேலை என்று கேட்டார்.

இரண்டு வருடமாக இந்தக் கேள்வியை யார் யாரோ கேட்டிருக்கிறார்கள். கோலாலம்பூரில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டேன். சார்ஜன் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"பெலாக்கோன்" என்றேன். நடிகை.

அவர் இன்னொரு முறை படத்தைப் பார்த்தார். எந்த நாடகத்தில் வருகிறாள், எத்தனை மணிக்கு என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த படத்தில் பதினொரு வசனம் பேசுகிறாள் என்று மட்டும் சொன்னேன். ரிப்போர்ட் எழுதவா என்றார். வேண்டாம், தவறாக வந்துவிட்டோம் என்று எழுந்துகொண்டேன். மாமா வீட்டில் இறங்கும்போது, "நீங்க மாறிட்டீங்க மச்சான்" என்றார். இருக்கலாம்.

முதல் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த ஞாயிறு நான் வேலையில் இருந்தேன், சசி சீக்கிரமே சொல்லிவிட்டான் என்று எழுதினேன் அல்லவா. என்னோடு காவலில் இருக்கும் முனியாண்டி அந்த அறிவிப்பைக் காட்டியது பத்து இருபதுக்கு. சசி கூப்பிட்டது பத்து முப்பத்தைந்துக்கு. அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான்கு லோரிகள் வந்தன. நான் எழுந்து போய்க் கட்டையைத் தூக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு, கட்டையை இறக்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மறுநாள் மேற்பார்வையாளர் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். நான்கு லோரிக்கும் ஒரே எண்ணை எழுதியிருக்கிறேன். இருபத்தெட்டு வருடத்தில் அப்படி ஒரு தவறு என் நோட்டில் இல்லை. அது எந்த லோரியின் எண்ணும் இல்லை. நீ தொழிற்சாலையில் இருந்தபோது ஓட்டினாயே, அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிளின் எண்.

அட்டை விஷயம் என் தவறு. உன் பெயரைப் போட்டால் எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று கேட்பார்களே என்று நான்தான் விடச் சொன்னேன். சசி எவ்வளவோ சொன்னான். மறுபடி அச்சடிக்க இப்போது நாள் இல்லை. இன்னும் நூற்றுப் பத்து அட்டைகள் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதில் எல்லாம் சசி பெயருக்குக் கீழே உன் பெயரை என் கையால் எழுதிவிட்டேன். நோட்டில் எழுதுகிற எழுத்துதான், கொஞ்சம் கோணல். ஏற்கெனவே கொடுத்த அட்டைகளில் மாமாவுடையதை மட்டும் திரும்ப வாங்கி எழுதிக் கொடுத்தேன். ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

சேலையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். மாமாவிடம் கேட்டுத்தான். முதலில் முறைத்தார், பிறகு எந்தப் படத்தில் வரும் என்று கேட்டார்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டிவிட்டேன். சொல்ல வேண்டாம் என்று எழுதிய இடம் வந்த பிறகுதான் கவனித்தேன். அதற்குள் படித்துவிட்டேன். செத்தவளாகப் படுத்தவள் சிரிக்காமல் எழுந்து போனாள் என்பதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாவுச் செய்தி வந்தவளுக்கு ஆயுசு கெட்டி என்று நானும் அத்தையும் சொல்லிப் பார்த்தோம். அதெல்லாம் சரி, அவள் சிரித்தாளா இல்லையா என்று கேட்கிறாள்.

கல்யாணத்துக்கு மூன்றாம் தேதியே வந்துவிடு. பேருந்து நிலையத்துக்கு நானே வருகிறேன். அட்டை கிடைத்த எல்லாரும் என்னிடம் வந்து உன்னைப் பற்றிக் கேட்பார்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். குடும்பப் படம் எடுக்கும்போது அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொள். கேமராவைப் பார்த்து ஒரு முறை சிரித்துவிடு. நன்றாக வரவில்லை என்றால் திரும்ப எடுக்கச் சொல்கிறேன்.

நூறு வயது இரு, மகளே.

உன் அப்பா,
மனோகரன்